நாசாவின் பெயர் அனுப்பும் சேவை: சீட்டு உடனே வருகிறது, நினைவு எவ்வளவு நிற்கிறது?

விண்கலங்களில் பொதுமக்களின் பெயர்களை ஏற்றி அனுப்பும் வழக்கத்தை அமெரிக்காவின் நாசா 1990களிலிருந்து நடத்திவருகிறது. பெயர், நாடு, அஞ்சல் குறியீடு, மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைப் படிவத்தில் நிரப்பினால், விமான நிலையத்தில் தரும் போர்டிங் பாஸைப் போன்ற ஒரு சீட்டு உடனே திரையில் வந்துவிடுகிறது; கட்டணம் எதுவும் இல்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனாலும், வேறொரு கோளில் நம் பெயர் இருக்கும் என்ற உறுதியோடு ஒரு சேவை வரும்போது, அந்தப் பெயர் எந்த வடிவில் போகிறது, எவ்வளவு காலம் நிற்கும், கொடுத்தவருக்கு அதனால் கிடைப்பது என்ன என்று விசாரிப்பதில் தவறில்லை. செவ்வாய்க்குப் போன பெர்செவரன்ஸ் ஊர்திக்கும் வியாழனை நோக்கிப் போன யூரோப்பா கிளிப்பர் கலத்துக்கும் பெயர் கொடுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

படிவம் எளிமையானது. முதற்பெயர், கடைசிப்பெயர் என இரண்டு கட்டங்கள் வரும் இடத்தில் மட்டும் தமிழ்நாட்டுக்காரர் சற்றே நின்று யோசிக்க வேண்டியிருக்கும். குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளாத நம்மில் பலர், பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் செய்வதைப் போலவே இங்கும் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரை இரண்டாம் கட்டத்தில் இட்டுவிடுகிறோம். பதிவு செய்வது பிள்ளை. புறப்பட்டுப் போவது இரண்டு தலைமுறை. என் அப்பா வானத்தை மழைக்காக அன்றி வேறெதற்காகவும் அண்ணாந்து பார்த்தவர் அல்லர். அவருடைய பெயரும் இப்போது செவ்வாயின் ஜெசிரோ பள்ளத்தில் இருக்கிறது. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்துப்போன அம்சம், அதை வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்த்திராத இந்த ஏற்பாடுதான்.

சீட்டின் தயாரிப்பில் அக்கறை தெரிகிறது. பெர்செவரன்ஸுக்கான சீட்டில் புறப்படும் இடம் புளோரிடாவின் கேப் கனாவெரல், சேருமிடம் ஜெசிரோ பள்ளம், வாகனம் அட்லஸ் 5 ராக்கெட் என்று எல்லாம் முறையாகக் குறிக்கப்பட்டிருந்தன. அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் புள்ளிகள் தருவதைப் போல, பயணத் தொலைவும் 313,586,649 மைல் என்று பெயருக்கு வரவு வைக்கப்பட்டிருந்தது. விளையாட்டுக்காகச் செய்ததுதான் என்றாலும், பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த எண் செய்யும் வேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஏறத்தாழ 6 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கி வரக்கூடிய ஒரு கோளுக்கு 50 கோடி கிலோமீட்டர் பயணம் எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், கலம் நேர்கோட்டில் போவதில்லை, சூரியனைச் சுற்றி வளைந்து சென்று செவ்வாய் வந்துசேரும் இடத்தில் அதைப் பிடிக்கிறது என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சீட்டுக்குப் பின்னால் நடக்கும் வேலையோ வேடிக்கையே கலவாதது. கலிபோர்னியாவில் உள்ள ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தின் நுண்சாதனப் பிரிவில், எலெக்ட்ரான் கற்றையைக் கொண்டு சிலிக்கான் சில்லின் மேற்பரப்பில் பெயர்களைப் பொறிக்கிறார்கள். ஒரு வரியின் அளவு 75 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெர்செவரன்ஸுக்கு வந்த 10,932,295 பெயர்களும் விரல் நகம் அளவுள்ள மூன்று சில்லுகளில் அடங்கிவிட்டன. ஊர்திக்குப் பெயர் சூட்டும் போட்டியில் அரையிறுதிக்கு வந்த 155 மாணவர்களின் கட்டுரைகளும் அவற்றிலேயே இடம்பெற்றன. சில்லுகள் ஓர் அலுமினியத் தகட்டில் பொருத்தப்பட்டுள்ளன. தகட்டில் பூமியும் செவ்வாயும், இரண்டுக்கும் ஒளி தரும் சூரியனும் லேசரால் செதுக்கப்பட்டிருக்கின்றன. சூரியக் கதிர்களாகத் தெரியும் கோடுகளையும் புள்ளிகளையும் மோர்ஸ் குறியீடாக வாசித்தால், ஒன்றாக ஆராய்வோம் என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் கிடைக்கும். ஊர்தியின் பின்புறக் குறுக்குச் சட்டத்தின் நடுவில், அதன் கம்பத்துக் கேமராக்கள் திரும்பினால் கண்ணில் படும்படி இந்தத் தகட்டை வைத்திருக்கிறார்கள். 2021 பிப்ரவரி 18 அன்று ஊர்தி பத்திரமாகத் தரையிறங்கியது. ஆகவே, சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்த்தார்களா என்ற கேள்விக்கு இந்தப் பயணத்தைப் பொறுத்தவரை முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

நினைவு என்று வரும்போதுதான் மதிப்பெண் குறைகிறது. கேமராவுக்குத் தகடு தெரியும், சில்லு தெரியும், பெயர் தெரியாது. அதைப் படிக்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். படிக்க முடிந்தாலும், அங்கே இருப்பது ஒரு கோடிக்கு மேற்பட்ட பெயர்களின் வரிசை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரான தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரை ராஜராஜன் கல்லில் வெட்டிவைத்ததோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ஒவ்வொருத்திக்கும் பெயர் உண்டு. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு, அவளுக்கு எவ்வளவு பங்கு என்பதும் உண்டு. ஆயிரம் ஆண்டு கழித்து அந்தச் சுவரின் முன் நிற்பவருக்கு, நக்கன் என்று தொடங்கும் ஒரு பெயருக்குப் பின்னால் வீட்டு வாசலோடு ஒரு பெண் தெரிகிறாள். செவ்வாய்ச் சில்லில் நாம் வெறும் பெயராக மட்டுமே இருக்கிறோம். கல்வெட்டை வெட்டியவன் படிக்க வருபவரை மனத்தில் வைத்து வெட்டினான். சில்லைப் பொறித்தவர்கள் எத்தனை பேரை ஏற்ற முடியும் என்பதையே முதலில் பார்த்தார்கள்.

ஒரு காலத்தில் இந்தச் சேவையே கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. 1997இல் சனிக்கோளுக்குப் புறப்பட்ட காசினி கலத்துக்கு 81 நாடுகளிலிருந்து 616,400 பேர் கையெழுத்து அனுப்பினார்கள். தட்டச்சு செய்த பெயர்களுக்கு அதில் இடமில்லை. அஞ்சலட்டைகளில் வந்த கையெழுத்துகளைத் தன்னார்வலர்கள் பிரித்து, ஸ்கேன் செய்து, டிவிடியில் ஏற்றினார்கள். அப்போதுதான் எழுதப் பழகிய குழந்தைகளின் கோணல் எழுத்தும், நடுங்கும் கையால் முதியவர்கள் இட்ட கையெழுத்தும், இறந்துபோனவர்களுக்காக வீட்டார் இட்டவையும், நாய் பூனைகளின் பாதத் தடங்களும்கூட அதில் இருந்தன. கலத்துக்குப் பெயர் தந்த 17ஆம் நூற்றாண்டு வானியலாளர்களான காசினி, ஹைகன்ஸ் ஆகியோரின் கையெழுத்துகளையும் பழைய ஆவணங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். அந்த டிவிடியில் மனிதர்களின் கைவாகு இருந்தது. இன்றைய படிவத்தில் அது முற்றிலும் போய்விட்டது. பெயர்களின் எண்ணிக்கை லட்சத்திலிருந்து கோடிக்குப் போனதற்குக் கொடுத்த விலை இதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த டிவிடி இன்று இல்லை. உயிர் தோன்றுவதற்குரிய சூழல் இருக்கக்கூடிய சனியின் துணைக்கோள்களில் மோதி மாசுபடுத்திவிடக் கூடாது என்பதற்காக, 2017 செப்டம்பர் 15 அன்று காசினியைச் சனியின் வளிமண்டலத்துக்குள்ளேயே செலுத்தி எரித்துவிட்டார்கள். நிரந்தரம் என்ற எண்ணத்தோடு பெயர் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கலத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அறிவியல் தேவை. நம் பெயர் அதற்குக் கட்டுப்பட்ட சுமை. 2005 ஜூலை 4 அன்று டெம்பல் 1 வால்விண்மீனில் மோதிய டீப் இம்பாக்ட் கலத்தின் மோது பகுதியில் சுமார் 625,000 பெயர்கள் கொண்ட குறுந்தகடு இருந்தது. மோதி அழிவதே அதன் வேலை என்பதால், அதில் பெயர் கொடுத்தவர்களைத் தெரிந்தே வேள்விக்குக் கொடுத்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். சுமார் 10 லட்சம் சிறுவர்களின் பெயர்களோடு போன மார்ஸ் போலார் லேண்டர், 1999 டிசம்பரில் செவ்வாயில் இறங்கும்போதே தொலைந்துபோனது. ஆர்ட்டெமிஸ் 1 பயணத்தில் பெயர்கள் ஃபிளாஷ் டிரைவில் ஏறி, நிலவைச் சுற்றிவிட்டு, 2022 டிசம்பரில் ஓரியன் கலத்தோடு பசிபிக் கடலுக்கே திரும்பிவிட்டன. நிலவுக்குப் பெயர் அனுப்பினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது.

நீண்ட காலம் நிற்பதே ஒருவருக்கு முக்கியம் என்றால், போகும் ஊரையும் பொருளையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 2006இல் ஏவப்பட்ட நியூ ஹொரைசன்ஸ், 434,738 பெயர்களுடன் 2015இல் புளூட்டோவைக் கடந்து, சூரியக் குடும்பத்தை விட்டே வெளியேறும் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்த கிளைட் டோம்பாவின் அஸ்தியில் ஒரு சிட்டிகையும் அதே கலத்தில் இருக்கிறது. ஜப்பானின் ஹயபுசா கலம் 2005 நவம்பரில் இறங்கும் இடத்துக்கு அடையாளமாக இடோகாவா சிறுகோளின் மீது போட்ட இலக்குப் பந்தில், 149 நாடுகளைச் சேர்ந்த 880,000 பேரின் பெயர்கள் அலுமினியத் தாளில் பொறிக்கப்பட்டிருந்தன. தாய்க்கலம் பூமிக்குத் திரும்பியது, பந்து சிறுகோளிலேயே தங்கிவிட்டது. 2008இல் செவ்வாயின் வடதுருவப் பகுதியில் இறங்கிய ஃபீனிக்ஸ் தரையிறங்கியின் மேல்தளத்தில், சிலிக்கா கண்ணாடியாலான டிவிடி ஒன்றில் சுமார் இரண்டரை லட்சம் பெயர்கள் உள்ளன. நீண்ட காலம் தாங்க வேண்டும் என்று பொருளைத் தேர்ந்தெடுத்துச் செய்தது அது. நான் பெயர் கொடுத்த யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபர் 14 அன்று 26 லட்சம் பெயர்களுடன் புறப்பட்டது. 2030 ஏப்ரலில் வியாழனைச் சென்றடையும். வேலை முடிந்ததும் அதைக் கனிமீட் துணைக்கோளில் மோதவிடுவது திட்டம் என்பதால், அந்தச் சீட்டை வைத்து நிரந்தரக் கணக்கு எதையும் நான் போடவில்லை.

இங்கே ஸ்டார்டஸ்ட் கலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரியில் புறப்பட்ட இந்தக் கலமும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்களைச் சில்லுகளில் கொண்டுபோனது. வில்ட் 2 என்ற வால்விண்மீனின் தூசியையும், விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலிருந்து வரும் தூசியையும் ஏரோஜெல் என்னும் மிக இலேசான பொருளில் பிடித்து, 2006 ஜனவரியில் அதன் பெட்டகம் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் இறங்கியது. விண்மீனிடைத் தூசி மிகச் சொற்பம். ஏரோஜெல்லுக்குள் அது விட்ட தடத்தைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கான நுண்ணோக்கிப் படங்களைப் பார்க்க வேண்டும். அந்த வேலையைப் பொதுமக்களிடம் கொடுத்தார்கள். பயிற்சி எடுத்து, ஒரு சிறு தேர்வில் தேறியவர்கள், வீட்டுக் கணினியில் படத்தின் குவியத்தை மேலும் கீழும் நகர்த்தி, நூலிழை போன்ற ஒரு துளை தென்படுகிறதா என்று மணிக்கணக்காகத் தேடினார்கள். 2014இல் சயன்ஸ் இதழில் ஏழு துகள்களைப் பற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தபோது, அதன் ஆசிரியர் வரிசையில் 30,714 தன்னார்வலர்களும் கூட்டாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். துகளைக் கண்டவர்களுக்கே அதற்குப் பெயர் வைக்கும் உரிமையும் தரப்பட்டது. ஓரியன், ஹைலாபுரூக் என்று அவர்கள் சூட்டிய பெயர்கள் அறிவியல் இலக்கியத்தில் நிலைத்துவிட்டன.

ஒரே கலம், இரண்டு வகைப் பங்கேற்பு. சில்லில் இருக்கும் 10 லட்சம் பேரில் எவருக்கும், அந்தப் பயணத்தில் தான் இல்லாமல் இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. துகளைத் தேடியவருக்கு அது முடியும். நாசாவின் பெயர்ச் சேவை மீது எனக்குள்ள முக்கியக் குறை இதிலிருந்துதான் வருகிறது: சீட்டைக் கையில் கொடுத்தவுடன் அது நம்மை வாசலிலேயே விட்டுவிடுகிறது. வியாழனைச் சுற்றும் ஜூனோ கலத்தின் கேமரா எடுக்கும் மூலப் படங்கள் 2016 முதல் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சீர்செய்யும்படி வெளியிடப்படுகின்றன. வியாழனின் சுழல்மேகங்கள் என்று நாம் கண்டு வியக்கும் படங்களில் பல, இப்படி வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் உருவாக்கி, அவர்கள் பெயரோடு வெளியானவை. போர்டிங் பாஸின் அடியில் இப்படியொரு வேலைக்கு வழிகாட்டும் ஒற்றை வரி முதன்மையாக இருந்திருந்தால், கோடிப் பேரில் சில ஆயிரம் பேராவது உள்ளே நுழைந்திருப்பார்கள்.

இந்தியர்களுக்கு இந்தக் குறை கூடுதலாகவே பொருந்தும். 2018இல் செவ்வாயில் இறங்கிய இன்சைட் கலத்துக்குப் பெயர் கொடுத்த நாடுகளில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து 138,899 பெயர்களோடு மூன்றாம் இடத்தில் இருந்த இந்தியா, பெர்செவரன்ஸில் துருக்கிக்கு அடுத்து 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு, அமெரிக்காவையே சற்று முந்தி, இரண்டாம் இடத்துக்கு வந்தது. இவ்வளவு பேரின் ஆர்வம் ஒரு படத்தைப் பகிர்வதோடு முடிந்துபோவது வீணடிப்புதான். வானத்தில் நம்மவர் குரல் பதிய வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு பழைய ஏமாற்றமும் காரணமாக இருக்கலாம் என்று சில சமயம் தோன்றும்: 1977இல் வாயேஜர் கலங்களில் போன தங்க ஒலித்தட்டின் 55 மொழி வாழ்த்துகளில் தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை.

காசு வாங்கிக்கொண்டு இதே ஆசையைத் தீர்த்துவைக்கும் சேவைகளோடு ஒப்பிட்டால், நாசாவின் சேவை நேர்மையில் பல படி மேலே நிற்கிறது. விண்மீனுக்கு உங்கள் காதலியின் பெயரைச் சூட்டித் தருகிறோம் என்று சான்றிதழ் விற்பவர்களோடு தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று சர்வதேச வானியல் ஒன்றியம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. விண்மீன்களுக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் சூட்டும் அந்த அமைப்பு அதைப் பணத்துக்கு விற்பதில்லை. 2019இல் நாட்டுக்கொரு விண்மீன் என்று ஒதுக்கியபோது, இந்தியாவில் மாணவர்களிடமிருந்து பெயர்களைப் பெற்றுப் பொது வாக்கெடுப்பு நடத்தி, பிபா என்ற விண்மீனும் சந்தமசா என்ற அதன் கோளும் பெயர் பெற்றன. அஸ்தியை விண்ணுக்கு அனுப்பும் தனியார் சேவைகளின் கட்டணமோ ஆயிரக்கணக்கான டாலர். 2024 ஜனவரியில் அப்படிப் பலருடைய அஸ்தியை ஏற்றிக்கொண்டு நிலவுக்குப் புறப்பட்ட பெரிக்ரின் என்ற தரையிறங்கு கலம், எரிபொருள் கசிவால் நிலவில் இறங்க முடியாமல், பத்து நாளில் பூமிக்கே திரும்பித் தென்பசிபிக் கடலுக்கு மேல் எரிந்துபோனது. நவஹோ பழங்குடி மக்கள், தங்களுக்குப் புனிதமான நிலவில் சாம்பலைக் கொண்டுபோய்ப் போடக் கூடாது என்று அந்தப் பயணத்துக்கு முன்பே எதிர்ப்புத் தெரிவித்திருந்தார்கள். பெயரைப் பொறித்த சில்லுக்கு அத்தகைய எதிர்ப்பு எழுவதில்லை. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நினைவு அது.

உள்ளூரிலேயே ஒரு மாற்று வேண்டுமென்றால், சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா உருவாக்கிய சதீஷ் தவான் சாட் என்ற சிறு செயற்கைக்கோள், 2021 பிப்ரவரி 28 அன்று பிஎஸ்எல்வி சி51 ராக்கெட்டில் 25,000 பெயர்களுடன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. தாழ்வட்டப் பாதையில் நிரந்தரத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த முயற்சியின் மையத்தில் மாணவர்களின் கைவேலை இருந்தது.

நாசாவின் சேவையில் வேறு சில குறைகளும் உண்டு. பெர்செவரன்ஸ் புறப்பட்ட பின், எந்தக் கலம் என்று குறிப்பிடாமலே அடுத்த செவ்வாய்ப் பயணத்துக்கென்று பெயர்களைத் திரட்டத் தொடங்கினார்கள். பேருந்து எது என்று தெரியாமல் சீட்டு கிழித்துக் கொடுப்பது நல்ல நடைமுறை ஆகாது. நிலவுக்குப் போகவிருந்த வைப்பர் ஊர்திக்கு 2024 மார்ச் வரை பெயர் வாங்கிவிட்டு, அந்த ஜூலையிலேயே திட்டத்தை ரத்து செய்வதாக அறிவித்தார்கள். 2025 செப்டம்பரில் புளூ ஆரிஜின் நிறுவனத்தின் கலத்தில் அதை அனுப்ப முடிவானது என்பது சீட்டு வைத்திருப்பவர்களின் அதிர்ஷ்டம். இப்படித் திட்டம் தடுமாறும்போது சீட்டிலேயே அந்த நிலவரம் தெரியும்படி செய்திருக்கலாம்.

புதிதாகப் பெயர் கொடுக்கப்போகிறவர்கள், அந்தக் கலம் எங்கே போகிறது, வேலை முடிந்ததும் அதை என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முதலில் படித்துவிடுவது நல்லது. பிள்ளைகளோடு சேர்ந்து பதிவு செய்தால் சீட்டை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், அதே மாலையில் ஜூனோவின் மூலப் படங்களில் ஒன்றையும் திறந்து காட்டலாம். அண்மைக் காலப் படிவங்களில், சீட்டைத் திரும்ப எடுப்பதற்கு நாமே ஒரு ரகசிய எண்ணை (பின்) வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது தொலைந்தால் நாசாவால் மீட்டுத்தர இயலாது என்று படிவத்திலேயே எழுதியிருப்பதால், சீட்டைப் படமாகச் சேமிக்கும்போது கோப்பின் பெயரிலேயே அந்த எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.